2,82,000க்கும் 82,000க்கும் நடுவே

கோயம்புத்தூர்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேவலை என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். சிகாகோ குளிரில் காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ கேட்ட பஞ்சாங்கம் அடுத்த மாதம் கிளம்புகிறவர்கள் கையில் வரும்.

இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். அமெரிக்காவின் பழைய ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனி ஏன் நொடித்தது என்பது ஒன்று. மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கும் அவர்களுடைய 1963 லார்க் வி8 (எட்டு சிலிண்டர்) வண்டியை வாங்கலாமா என்பது இன்னொன்று. கம்பெனியின் கதை பாதி அந்த வண்டிக்கு அடியிலேயே இருப்பதால் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

'வண்டி சரியில்லை, அதனால்தான் மூடிவிட்டார்கள்' என்று மாப்பிள்ளை சொன்னாராம். அப்படிச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொல். வண்டியை விடக் கணக்குதான் அவர்களைச் சாப்பிட்டது.

நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய கம்பெனி அது. 1852இல் இண்டியானா மாநிலத்து சவுத் பெண்டில் ஹென்றி, கிளெமென்ட் என்ற அண்ணன் தம்பி இருவர் 68 டாலர் முதலில் போட்ட கொல்லன் பட்டறை. இன்னொரு தம்பி ஜான், தங்க வேட்டைக் காலத்தில் கலிஃபோர்னியா போனார். தங்கம் தோண்டவில்லை, தோண்டுகிறவர்களுக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்து விற்று, 8,000 டாலரோடு 1858இல் ஊர் திரும்பினார். அந்தப் பணத்தில் பட்டறை வளர்ந்தது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்குக் குதிரை வண்டிகள், பிறகு மேற்கே குடியேறப் போனவர்களுக்கு வண்டிகள். 1902இல் மின்சாரக் கார், 1904இல் பெட்ரோல் கார். குதிரை வண்டியை 1920இல்தான் நிறுத்தினார்கள். அமெரிக்காவில் எத்தனையோ வண்டிப் பட்டறைகள் இருந்தன. அவற்றில் இவ்வளவு பெரிய கார் கம்பெனியாக மாறியது இது ஒன்றுதான்.

முதல் சரிவு 1933. தலைவர் ஆல்பர்ட் எர்ஸ்கின், பெருமந்தம் என்ற பொருளாதாரச் சரிவு சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்பி, 1930இல் அந்த வருஷ லாபத்தைப் போல ஐந்து மடங்கு பங்காதாயம் கொடுத்தார். கையிருப்பு கரைந்தது. 1933 மார்ச்சில் கம்பெனி நீதிமன்றப் பொறுப்பில் போனது; ஜூலையில் எர்ஸ்கின் தற்கொலை செய்துகொண்டார். பால் ஹாஃப்மன், ஹரோல்ட் வான்ஸ் இருவரும் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். எப்படி என்றால், 1939இல் வந்த சாம்பியன் என்ற ஒரே வண்டியால். 164 கன அங்குல ஆறு சிலிண்டர், தேவையில்லாத எடை இல்லாத உடல், கொஞ்சமாகக் குடிக்கும் பெட்ரோல். அதன் பிறகு யுத்தம் வந்தது. சுமார் 2 லட்சம் யுஎஸ்6 லாரிகள் செய்தார்கள். அவற்றில் பெரும்பகுதி சோவியத்துக்குப் போயிற்று. கத்யூஷா ராக்கெட் குழாய்கள் அந்த லாரி மேல்தான் ஏறின.

யுத்தம் முடிந்ததும் ஃபோர்டும் ஷெவர்லேயும் 1942 உடம்பையே பூசி மெழுகி விற்றுக்கொண்டிருக்க, ஸ்டூடிபேக்கர் 1946 நடுவிலேயே புத்தம்புது 1947 மாடலை இறக்கியது. பின் கண்ணாடி அவ்வளவு பெரிதாக இருந்ததால் வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று கேலி பேசினார்கள். கேலி பேசிக்கொண்டே வாங்கினார்கள். துப்பாக்கிக் குண்டு மாதிரி மூக்கு வைத்த 1950 மாடல் சுமார் 3,43,000 போயிற்று. அதற்கு மேல் அவர்கள் ஏறவே இல்லை. நம் ஊரிலும் அந்தக் காலத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரைப் பூட்டி விற்றது.

அந்த நல்ல வருஷங்களில்தான் தப்பு நடந்தது என்பது என் எண்ணம். எது செய்தாலும் விற்கும் காலம். ஸ்டிரைக் வந்தால் விற்பனை போய்விடுமே என்று கேட்ட கூலியைக் கொடுத்தார்கள், டெட்ராய்டை விட அதிகமாகவே. லாபத்தைப் பங்காதாயமாகப் பிரித்தார்கள். தொழிற்சாலையோ பழைய பல மாடிக் கட்டடங்கள். உடல் ஒரு கட்டடத்தில் தயாராகும், கடைசிப் பூட்டல் வேறொன்றில். ஒரே தரையில் நேர்கோட்டில் ஓடும் புதிய ஆலையோடு இது போட்டி போட முடியாது. தூக்கி இறக்கி நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கூலி.

இரண்டு கதவு வைத்த 1953 கூப்பேயைப் பார்த்திருப்பாய். வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் கூடத்தில் ராபர்ட் பர்க் வரைந்தது. 57 அங்குலத்துக்கும் குறைவான உயரம், 120.5 அங்குல வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்). அமெரிக்காவில் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு சுத்தமான கோடு நான் பார்த்ததில்லை. ஆனால் அதே அழகை 116.5 அங்குல வீல்பேஸ் வைத்த குடும்ப வண்டியான செடானுக்குள் அடக்கியபோது குள்ளமாக, வீங்கினாற்போல ஆயிற்று. செடான்தான் அதிகம் போகும் என்று டை (தகரத்தை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு), பிரஸ், லைன் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் ஏற்பாடு செய்திருந்தார்கள். வந்த ஆர்டர் தலைகீழ். ஜனங்கள் கூப்பேயைத்தான் கேட்டார்கள்.

கூப்பேயைச் செய்யப் போனால் இன்னொரு சிக்கல். சேசிஸ், அதாவது அடிச்சட்டம், நெகிழ்வானது. முன்மாதிரியில் மட்கார்டும் பானெட்டும் ஒழுங்காகப் பொருந்தின. லைனில் வி8 இன்ஜினை இறக்கி வைத்ததும் அந்த எடைக்குச் சேசிஸ் முன்புறம் கொஞ்சம் தொய்ந்தது. முன்பக்கத் தகரத்தின் துளையும் போல்ட்டும் சேரவில்லை. ஒவ்வொரு வண்டியையும் இழுத்து, தட்டி, வாஷர் வைத்துப் பூட்ட வேண்டியதாயிற்று. அதைச் சரிப்படுத்துவதற்குள் பல மாதம் போய்விட்டது. ஆர்டர் கொடுத்தவன் வேறு கடைக்குப் போய்விட்டான். அதே சமயம் ஃபோர்டு கம்பெனி ஷெவர்லேயை முந்துவதற்காக டீலர்கள் தலையில் வண்டியைக் கொட்டி விலையை உடைத்தது. யானை இரண்டும் மோதியதில் நசுங்கியவை ஸ்டூடிபேக்கர், ஹட்சன், நாஷ், பேக்கார்ட் என்ற சின்னக் கம்பெனிகள்.

1954 அக்டோபர் 1 அன்று பேக்கார்ட், ஸ்டூடிபேக்கரை வாங்கியது. உள்ளே போய்க் கணக்கைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, சவுத் பெண்ட் நஷ்டமில்லாமல் ஓட வருஷத்துக்கு 2,82,000 வண்டி விற்க வேண்டும். 1954 மாடல் விற்றது 82,000 அருகில். இந்த இரண்டு எண்ணையும் மாப்பிள்ளைக்குச் சொல். கட்டடம், டை, ஆபீஸ், வட்டி என்று வண்டி விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகிற செலவு 2,82,000 வண்டியில் தலைக்கு 100 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். 82,000 வண்டியில் அதுவே தலைக்கு 344 டாலர். அந்த 244 டாலரை எதிலும் மிச்சம் பிடிக்க முடியாது. அந்த ஆகஸ்டில் தொழிலாளர்கள் தாங்களே கூலிக் குறைப்புக்கு வாக்களித்தும் போதவில்லை. வாங்குவதற்கு முன்பே கணக்கைப் பார்க்காமல் பேக்கார்ட் எப்படிக் கையெழுத்துப் போட்டது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. பெண் பார்க்கப் போனவன் கூட இன்னும் நன்றாக விசாரிப்பான். பேக்கார்ட்டும் மூழ்கியது, டெட்ராய்ட் ஆலை 1956 ஜூனில் நின்றது, ஸ்டூடிபேக்கருக்குப் பேக்கார்ட் பெயர்ப்பலகை ஒட்டி இரண்டு வருஷம் விற்று, 1958இல் அந்தப் பெயரும் போனது.

இப்போது உன் லார்க்குக்கு வருகிறேன். புது வண்டிக்கு டை போடக் காசில்லை. அதனால் 1953 உடம்பின் நடுப் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் வெட்டி, வீல்பேஸை 108.5 அங்குலமாக்கி 1959இல் லார்க்கை இறக்கினார்கள். உள்ளே ஆறு பேர் உட்காரலாம், வெளியே சின்ன வண்டி. அந்த வருஷம் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல் லாபம். மறு வருஷமே பெரிய கம்பெனிகளின் சின்ன வண்டிகளான ஃபால்கன், கொர்வேர், வேலியண்ட் மூன்றும் வந்தன. லார்க்கையும் சேர்த்து விற்றுக்கொண்டிருந்த பெரிய கம்பெனி டீலர்களுக்குச் சொந்தச் சின்ன வண்டி கிடைத்துவிட்டது. லார்க்கைக் கீழே வைத்துவிட்டார்கள்.

ஃபைபர் கிளாஸ் உடம்பு வைத்த அவந்தி என்ற அவர்களுடைய கார் 1962இல் வந்தது. வெளியிலிருந்து வாங்கிய உடல்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் தாமதமாகி, மொத்தமே 4,600 சொச்சம். 1963 டிசம்பர் 9 அன்று மூடல் அறிவிப்பு, 20ஆம் தேதி சவுத் பெண்டில் கடைசி வண்டி. கனடாவில் ஹாமில்டன் ஆலை 1966 மார்ச் வரை, கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜினை வாங்கிப் போட்டு, ஓடியது.

ஓய்வூதிய நிதியில் பணம் போதவில்லை. 60 வயது தாண்டியவர்களுக்கு முழுதும் கிடைத்தது. 40 முதல் 59 வரையிலான சுமார் 4,000 பேருக்குச் சேர வேண்டியதில் 15 சதவீதம். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. 1974இல் அமெரிக்கா எரிசா என்ற ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது எல்லோரும் காட்டிய உதாரணம் இதுதான்.

சரி, வண்டியை எப்படிப் பார்ப்பது? முதலில் இன்ஜின். 1951இல் 232 கன அங்குலத்தில் தொடங்கிய வி8, பெட்ரோல் தரம் உயரும், கம்ப்ரெஷன் ஏறும் என்று நம்பித் தாராளமாக இரும்பு போட்டு வார்த்தது. ஷெவர்லே சின்ன வி8ஐ விட சுமார் 50 கிலோ கூடுதல். அவ்வளவு இரும்பு இருந்தும் 304.5 கன அங்குலத்துக்கு மேல் அவர்களால் அதைப் பெரிதாக்க முடியவில்லை. ஆனால் உழைக்கும். ஃபோர்ஜ் செய்த கிராங்க், செயின் இல்லாமல் கியரில் ஓடும் கேம். வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டப்பெட் இல்லை. அதனால் இன்ஜின் ஆறியிருக்கும்போது 25 தௌ (ஆயிரத்தில் 25 பங்கு அங்குலம்) அளவில் ஃபீலர் கேஜ் தகட்டை இடைவெளியில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். மெல்லிய டிக் டிக் சத்தம் இயல்பு. சத்தமே இல்லை என்றால் யாரோ இறுக்கிவிட்டார்கள், வால்வு கருகும்.

சூடேறுகிறது என்று விற்பவர் சொன்னால் பயப்படாதே, விலையைக் குறை. நம் ஃபவுண்டரிக்காரனுக்கு இது உடனே புரியும். வார்ப்படத்தின் கோர் (உள் அச்சு) மணலும் துருவும் தண்ணீர் ஓட்டம் மந்தமான இடத்தில், பிளாக்கின் பின்பக்கம், படிந்து கல்லாகிவிடும். ரேடியேட்டரை மட்டும் மாற்றுகிறவன் மூன்று ரேடியேட்டர் மாற்றுவான். தண்ணீரை வடித்துவிட்டு, பக்கவாட்டில் தண்ணீர்ப் பாதையை அடைத்திருக்கும் வெல்ச் பிளக் மூடிகளையும் பின்புற வடிகால் பிளக்கையும் கழற்று. கெட்டிக் கம்பியால் பின்மூலை வரை குத்திக் கிளறு, தண்ணீரை எதிர்த் திசையில் அடி. முதலில் காப்பிப்பொடி மாதிரி வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடாதே. புது வெல்ச் பிளக் அடித்து மூடு.

கியர் வண்டி என்றால் ஹில் ஹோல்டர் இருக்கிறதா என்று கேள். 1936இலிருந்தே அவர்கள் வைத்த சாமான், எனக்கு மிகவும் பிடித்தது. பிரேக் லைனில் ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு எஃகுக் குண்டு. மூக்கு மேலே பார்த்து வண்டி நின்றால் குண்டு பின்னால் உருண்டு துவாரத்தில் உட்காரும். கிளட்ச் மிதித்திருக்கும்வரை பிரேக் ஆயில் திரும்பாது. பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி பின்னால் நகராது. கிளட்சை விட்டால் பிடி விடும். ஊட்டி ரோட்டில் ஓட்டியவனுக்கு இதன் அருமை தெரியும். மேட்டில் நிறுத்திச் சோதி. கிளட்சை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடி இருந்தால், கிளட்சுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இணைப்புக் கம்பியின் நீளம் தப்பு. இரண்டு நட்டு வேலை.

கைவைக்கக் கூடாதது துருப்பிடித்த உடம்பு. இன்ஜினில் தாராளம், தகரத்தில் சிக்கனம். முன் மட்கார்டின் பின்மூலையில் சக்கரம் அடிக்கும் சேறு தங்கி உள்ளிருந்து அரிக்கும். பெயின்ட் கொப்புளம் தெரிந்தால் உள்ளே சல்லடைதான். கால் மிதியைத் தூக்கித் தரையை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார். பக்கத்தில் அவந்தி நின்று அதற்கு ஆசைப்பட்டால், ஃபைபர் உடம்பு துருப்பிடிக்காது என்று ஏமாறாதே. கதவுக்கு அடியில் முன்னும் பின்னுமாக ஓடும் எஃகுப் பெட்டித்தண்டு அழுகியிருக்கும். கதவு தொங்கிப் பொருந்தாமல் இருப்பதே அதன் அடையாளம்.

முன் சக்கரங்கள் திரும்பும் அச்சான கிங் பின்னுக்கும், ஸ்டீயரிங் நடுமூட்டுக்கும் கிரீஸ் நிப்பிள் உண்டு. ஸ்டீயரிங் கனமாக இருந்தால், கியர் பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் நடுமூட்டில் புது கிரீஸ் வெளியே வரும்வரை அடித்துப் பார்க்கச் சொல். பெரும்பாலும் அங்கேதான் காய்ந்திருக்கும்.

சிகாகோவிலிருந்து சவுத் பெண்ட் 150 கிலோமீட்டர்தான். ஸ்டூடிபேக்கர் அருங்காட்சியகம் போகிற அன்று லிங்கன் கொலையுண்ட இரவில் நாடகக் கொட்டகைக்குப் போன கோச்சு வண்டி அங்கே இருக்கும், பார். ஆனால் அதிக நேரம் 1966 குரூஸர் பக்கம் நில். ஹாமில்டனிலிருந்து கடைசியாக வந்த வண்டி, பச்சை கலந்த நீலம். பக்கவாட்டில் நின்று நடுக் கூட்டை மட்டும் பார்த்தாயானால் 1953 செடான் உள்ளே தெரியும். பதிமூன்று வருஷம் அதே அடிப்படைக் கூடு. அதன் கதவு இடைவெளியைக் கண்ணால் அளந்து எனக்கு எழுது. மாப்பிள்ளை லார்க்கின் தரையைத் தட்டிப் பார்த்ததும் என்ன சத்தம் வந்தது என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
சிவசாமி