வணிகத்தில் நொடித்தவர்கள் மீண்டும் நிதித் துறைக்குத் திரும்ப வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலையைத் தொடங்கி, பின்னர் ஈப்போவில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வங்கியிலோ பெரிய நிறுவனங்களின் நிதிப் பிரிவிலோ நல்ல நிலையில் இருந்துவிட்டு, ஒரு கோபத்திலோ சலிப்பிலோ வேலையை உதறி, ஊருக்குத் திரும்பிச் சொந்தமாகக் கடை வைத்து, அது நிலைக்காமல் போனதால் மீண்டும் பழைய துறைக்குப் போக வழி தேடும் பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் என்னிடம் வந்து, "ஐயா, பையனுக்கு எங்கேயாவது ஒரு வேலை சொல்லுங்களேன்" என்றுதான் கேட்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் முடிக்க வேண்டிய காரியம் ஒன்று இருப்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மூடிய கடையின் கணக்கை முறைப்படி முடிப்பதே அந்தக் காரியம். கதவை இழுத்துச் சாத்தியதோடு வணிகம் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். தனிநபர் வணிகமாகப் பதிந்தவர், அதை நிறுத்திய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். செண்டிரியான் பெர்ஹாட் எனப்படும் தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிந்திருந்தால், பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும் வரை ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் கடமை தொடர்கிறது. கடன் நிலுவையை வைத்துக்கொண்டு பெயரை நீக்கக் கேட்கவும் முடியாது. ஆள் வைத்து நடத்தியவர்கள் ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் கட்ட வேண்டியதைக் கட்டித் தீர்க்க வேண்டும். நிறுவனம் செலுத்தத் தவறிய சேமநிதிக்கு அதன் இயக்குநர்களே சொந்தமாகப் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது 1991-ஆம் ஆண்டுச் சட்டம். நேற்று வரை பிறருடைய சம்பளப் பட்டியலைச் சரிபார்த்த ஒருவர், தம் கடையில் வேலை செய்த இரண்டு பேரின் சேமநிதியை விட்டுவிட்டு வந்தார் என்பதை எந்த முதலாளியும் எளிதில் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது.

இப்படிக் கணக்கை முடிக்கும்போது கிடைக்கக்கூடிய ஒரு நன்மை பலருக்குத் தெரிவதில்லை. ஆண்டின் முற்பகுதியில் சம்பளம் வாங்கி, பிற்பகுதியில் தனிநபர் வணிகத்தில் நட்டப்பட்டவர், அந்த நட்டத்தை அதே ஆண்டின் சம்பள வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வரிச் சட்டம் இடம் தருகிறது. மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட வரியில் ஒரு பகுதி இதனால் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் வணிக வருமானம் உள்ளவர்களுக்கான பி பாரத்தை உரிய காலத்தில் நிரப்பி அனுப்பியவருக்குத்தான் இது கிட்டும். வெட்கத்தால் அந்தப் பாரத்தையே தொடாமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடன் விஷயத்தை இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். மற்ற துறைகளில் ஒருவர் கடன்பட்டிருப்பது பெரும்பாலும் அவருடைய சொந்த விவகாரமாகவே கருதப்படும். பிறர் பணத்தைக் கையாளப் போகிறவரிடம், அவர் திவாலானவரா, தவணை தவறியவரா என்று விசாரித்துவிட்டுத்தான் வேலை தருவார்கள். திவால் நடவடிக்கைக்கான கடன் வரம்பு 2021-இல் 50,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டதால், சிறு கடை வைத்து நட்டப்பட்ட பலர் அந்த நிலைக்குப் போகாமலே மீள முடியும். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த, கடன் ஆலோசனைக்கான ஏ.கே.பி.கே. நிறுவனம், இலவசமாக ஆலோசனை வழங்கி, வங்கிக் கடன்களைக் கட்டக்கூடிய மாதத் தவணையாக மாற்றித் தருகிறது. வங்கிகள் பார்க்கும் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்ற கடன் விவர அறிக்கை கடந்த 12 மாதங்களின் தவணை விவரத்தையே காட்டுகிறது. ஆகவே, இன்று தவணையைச் சீர்படுத்தி ஒழுங்காகக் கட்டத் தொடங்குபவரின் அறிக்கை ஓராண்டுக்குப் பின் வேறு மாதிரி இருக்கும். ஆலோங் எனப்படும் உரிமமில்லா வட்டிக்காரரிடம் வாங்கிய கடனுக்கு இந்த வழி பயன்படாது. அதனால்தான், வங்கித் தவணையைக் கட்ட ஆலோங்கிடம் போகாதீர்கள் என்று எல்லாரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பால்மரத்திலும் செம்பனையிலும் உழைத்துச் சேர்த்து, 55 வயதில் கைக்கு வந்த சேமநிதியைப் பிள்ளையின் கடையைத் தூக்கி நிறுத்த இரண்டாம் முறையும் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஊர் பேசும் என்ற அச்சம்தான் காரணம். கடையை மூடு என்று பிள்ளையிடம் சொல்லும் துணிவு அந்த நேரத்தில் அவர்களுக்கு வந்திருந்தால், பல குடும்பங்களில் முதுமைக்கான பணமாவது மிஞ்சியிருக்கும்.

துறைக்குத் திரும்புகிறவர், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்று எதிர்பார்க்க முடியாது. சேவை வரி 2024 மார்ச்சில் பெரும்பாலான சேவைகளுக்கு 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடானது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் இ-இன்வாய்ஸ் எனப்படும் மின்னியல் விலைப்பட்டியல் முறை, பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது. இடையில் சில ஆண்டுகள் விலகியிருந்தவர் இவற்றைக் கற்றுக்கொண்ட பிறகே நேர்காணலுக்குப் போக வேண்டும். முன்பு வகித்ததைவிட ஒரு படி கீழான பதவியையும் குறைந்த சம்பளத்தையும் ஏற்க வேண்டியிருக்கலாம். ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் தொழில்முறைப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்கள் மனம் தளர வேண்டாம்: அதற்குத் தேவையான 36 மாதப் பணி அனுபவம் தொடர்ச்சியாகவோ ஒரே நிறுவனத்திலோ இருக்க வேண்டியதில்லை என்பதால், பழைய வேலையின் உரிய அனுபவத்தையும் கணக்கில் சேர்க்கலாம். இறுதிக் கட்டத் தாள்களுக்கு மட்டும் ஏழாண்டுக் காலக்கெடு உண்டு. அதை உடனே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் அவர்கள் செய்த பிறகும், தன்விவரக் குறிப்பில் உள்ள இடைவெளியைப் பார்த்ததுமே விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுகிற வழக்கம் நம் முதலாளிகளிடம் இருக்கிறது. கையில் ரொக்கம் இல்லாத மாதத்தில் சரக்குக்கும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் எதை முதலில் கொடுப்பது என்று முடிவெடுத்த அனுபவம், நிதிப் பிரிவில் மேசைக்குப் பின்னால் மட்டுமே இருந்தவருக்கு வாய்க்காது. நேர்காணலில், "கடை ஏன் மூடியது?" என்பதோடு நில்லாமல், மூடிய கடையின் இறுதிக் கணக்கைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அது ஒழுங்காக முடிக்கப்பட்டிருந்தால், அந்த விண்ணப்பதாரரின் நேர்மைக்கும் திறமைக்கும் அதைவிட நல்ல சான்று வேறு இருக்க முடியாது.

தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தோற்றுவித்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் எங்கள் சுங்கை சிப்புட். இங்குள்ள கூட்டுறவுச் சங்கங்களும் போக்குவரத்து நிறுவனங்களும் குத்தகையாளர்களும், தங்கள் கணக்கு வேலையில் ஒரு பகுதியையாவது இத்தகையோருக்கு ஆறு மாதத் தற்காலிகப் பணியாகக் கொடுத்துப் பார்க்கலாம். ஏ.கே.பி.கே. அதிகாரிகளை இவ்வூருக்கு அழைத்து, தோட்டத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து தமிழில் கேட்டுத் தெளிவு பெற ஒரு நாளை ஒதுக்கும் பொறுப்பை ஆலய நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் ஏற்க வேண்டுகிறேன். அந்த நாளில் விண்ணப்பங்களையும் பாரங்களையும் நிரப்ப உதவ நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்குப் பிரிவு ஊழியர்,
சுங்கை சிப்புட், பேராக்.