பம்பை மாற்றுமுன் பெட்ரோல் பில்டரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கே பர்மாவில் ரங்கூன், பெகு, மோல்மேன் பக்கமெல்லாம் நம் ஆட்கள் பலர் இன்னமும் 1980களிலும் 90களிலும் செய்த ஜப்பான் வண்டிகளைத்தான் வைத்து ஓட்டுகிறோம். 2011இல் பழைய வண்டியை அரசிடம் கொடுத்துவிட்டு வேறு வண்டிக்கு இறக்குமதி பர்மிட் வாங்கும் திட்டம் வந்தபோது நிறைய வண்டிகள் போய்விட்டன. ஆனாலும் டொயோட்டாவின் கொரோலாவும் மார்க் டூவும் தெருவுக்கு ஒன்றாவது நிற்கின்றன. அந்த வண்டிக்காரர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

இந்த வண்டிகளில் ஒரு கோளாறு வரும்: சமதளத்தில் நன்றாகவே ஓடும், பாலத்திலோ மேட்டிலோ ஆளை ஏற்றிக்கொண்டு ஏறினால் இழுக்காமல் குலுங்கும், சற்று நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடி ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். என் மைத்துனர் வண்டிக்கு இப்படி வந்தபோது ஒரு ஒர்க்‌ஷாப்பில் டாங்கியிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்பு போய்விட்டது என்று சொல்லிப் புதுப் பம்பு மாட்டினார்கள். பெட்ரோலில் வரும் தூசியையும் துருவையும் வடிக்கும் பில்டரை யாரும் தொடவே இல்லை. காசு போனது, கோளாறு அப்படியே இருந்தது. மேடு ஏறும்போது என்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும், அடைத்துப்போன பில்டர் அவ்வளவு விடாது. பம்பு நன்றாகத் தள்ளினாலும் அப்படித்தான். முதலில் மலிவான பாகத்தை மாற்றிப் பார்ப்பதுதானே முறை? அதுவும் நம் ஊரில், சாலையோரத்தில் பாட்டிலிலும் டிரம்மிலும் வைத்து விற்கும் பெட்ரோலை ஊற்றுகிறோம், மழைக்காலம் முழுக்க பாதி டாங்கியோடு வண்டியை நிறுத்தி வைக்கிறோம், உள்ளே ஈரம் கோத்துத் துரு பிடிக்கிறது. பில்டர் அடைக்காமல் என்ன செய்யும்.

வீட்டிலேயே மாற்றலாம், ஆனால் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள். கார்புரேட்டர் வண்டி, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு விடும் பழைய வகை என்றால் வேலை சுலபம். பானெட்டுக்குள் ரப்பர் குழாய்களுக்கு நடுவில் சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும், சிலவற்றில் டாங்கிக்குத் திரும்பும் குழாய்க்காக மூன்றாவது மூக்கும் உண்டு. எது எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் உள்ள அம்புக்குறி பெட்ரோல் போகும் திசையை, அதாவது என்ஜின் பக்கத்தைக் காட்ட வேண்டும். குழாய் முனை வெடித்திருந்தால் குழாயையும் கிளிப்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டி வேறு கதை, அதில் பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சுகிறார்கள். என்ஜினை அணைத்த பிறகும் லைனில் இரண்டு மூன்று கிலோ அழுத்தம் நிற்கும், நட்டைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். பின்சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ இருக்கும் பம்பு கனெக்டரைக் கழற்றிவிட்டு என்ஜினை ஓட விடுங்கள், லைனில் உள்ளது தீர்ந்ததும் தானே நின்றுவிடும். சிலர் அதற்குப் பதிலாக இ.எஃப்.ஐ. பியூஸைப் பிடுங்குகிறார்கள், டொயோட்டாவில் அது பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் சேர்த்து நிறுத்திவிடுவதால் அழுத்தம் லைனிலேயே தங்கிவிடும், அதை நம்பாதீர்கள். அப்புறம் என்ஜின் ஆறட்டும், பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் திறங்கள். 90களின் கொரோலாவில் பில்டரின் மேல்பக்கம் 17 நம்பர் போல்ட், கீழே 14 நம்பர் நட். ஒரு ஸ்பேனரால் பில்டரைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் இரும்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும். மேல் போல்ட்டுக்கு இரு பக்கமும் போடும் செப்பு வாஷர்கள் புதிதாக இருக்கட்டும், பழையதை மறுபடி போட்டால் கசியும். சரி, டொயோட்டாவின் புரோபாக்ஸ் வைத்திருப்பவர்கள் கேட்பீர்கள். அதில் பில்டர் டாங்கிக்குள் பம்போடு இருக்கிறது, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

எனக்கு உண்மையில் பயம் தீயைப் பற்றித்தான். பகலெல்லாம் வேலை, ராத்திரிதான் நேரம் கிடைக்கிறது, அந்த நேரம் பார்த்துக் கரண்டு போகும், உடனே மெழுகுவர்த்தி, பக்கத்தில் ஜெனரேட்டர், காலடியில் கொசுவர்த்திச் சுருள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் நாலைந்து அடி தள்ளி எரிகிற அடுப்பிலும் பற்றும். ஷெட்டுக்குள் செய்யவே செய்யாதீர்கள். பகலில், திறந்த வெளியில், பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். தீயணைப்பான் இல்லையென்றால் ஒரு சாக்கு மணலாவது பக்கத்தில் இருக்க வேண்டும், பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றக் கூடாது, பரவிவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகு முதல் தடவை ஸ்டார்ட் ஆகச் சற்று நேரம் பிடிக்கும். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் டார்ச் அடித்து இணைப்புகளைப் பார்க்கட்டும், ஈரம் தெரிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். கழற்றிய பில்டரைத் தூக்கிப் போட்டுவிடாமல், பெட்ரோல் உள்ளே வரும் மூக்கு வழியாக ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கவிழ்த்துப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் விழுந்தால் டாங்கி துருப்பிடித்திருக்கிறது, அதை இறக்கிக் கழுவாமல் விட்டால் புது பில்டரும் அதிக நாள் தாங்காது. அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பெட்ரோல் வாங்கும் இடத்தை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
பெகுவிலிருந்து ஒரு வாசகர்