நாய்க்கு இன்சூரன்ஸ் விற்கிறவர்களுக்குக் காங்கயத்திலிருந்து ஒரு மடல்

செல்லப்பிராணிக் காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் மேலதிகாரிகளுக்கு,

வணக்கமுங்க. கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காங்கயம், வெள்ளகோவில், ஊதியூர் சுற்றுவட்டாரத்தில் மாடுகளுக்கு அடையாளக் காதுவில்லை மாட்டிப் பழகிய கை இது. மாட்டு இன்சூரன்ஸ் என்றால் என்னைத் தேடி வந்த அதே குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் நாய் வளர்க்கிறார்கள். ஊருக்கு வரும்போது, "ஏனுங்க மாமா, நாய்க்கு இன்சூரன்ஸ் போடலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் "வேண்டாம் கண்ணு" என்றுதான் சொல்கிறேன். உங்கள் ஏஜென்ட்டுகளுக்கு இது பிடிக்காது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை உங்களிடமே சொல்லிவிடுவது நல்லது என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கால்நடைக் காப்பீடு புதிதல்ல. மாட்டின் வயது, ஈத்து (எத்தனை கன்று போட்டது), கறவை பார்த்து டாக்டர் விலை போடுவார். காதில் வில்லை ஏறும். மாட்டோடு உரிமையாளரை நிறுத்தி ஒரு போட்டோ. மாடு செத்தால் டாக்டர் போஸ்ட்மார்ட்டம் செய்து சான்று தருவார், வில்லையைச் சேர்த்துக் கொடுத்தால் பணம் வரும். வில்லை இல்லையென்றால் கிளைமும் இல்லை. வேலியில் உரசி வில்லை அறுந்து விழுந்ததைக் கவனிக்காமல் விட்டுப் பணத்தை இழந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனாலும் அந்தப் பாலிசியை எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாவுக்கும் விளக்கிவிடலாம். பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ, ஈரோடு கருங்கல்பாளையத்து வியாழக்கிழமைச் சந்தையிலோ அந்த மாடு என்ன விலை போகுமோ, அதுதான் நஷ்டம். அது செத்தால் பணம். அவ்வளவுதான் கணக்கு.

பிரீமியமும் இப்போது தாங்கக்கூடியதுதான். தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் செய்த மாற்றத்தின்படி, வளர்ப்பவர் கட்ட வேண்டியது பிரீமியத்தில் 15 விழுக்காடு. மீதியை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பகிர்ந்துகொள்கின்றன. பத்து ஆடு சேர்ந்தால் ஒரு அலகு, பத்து அலகு வரை காப்பீடு செய்யலாம் என்றும் விரித்தார்கள்.

நாய் விஷயத்துக்கு வருகிறேன். உலகத்தில் செல்லப்பிராணிக் காப்பீடு தொடங்கியதே குதிரைக்கும் கால்நடைக்கும்தான். 1890இல் ஸ்வீடனில் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். பிரிட்டனில் 1947இல் வந்தது. அமெரிக்காவில் 1982இல் முதல் பாலிசி எழுதியது தொலைக்காட்சியில் லாஸ்ஸியாக நடித்த நாய்க்கு. இன்றைக்கு ஸ்வீடனில் பெரும்பாலான நாய்களுக்குக் காப்பீடு இருக்கிறது. அதனால் இந்த யோசனையே தப்பு என்று நான் சொல்லவில்லை. மாட்டுக்கு அடித்த லாடத்தை அப்படியே நாய்க்கு மாட்டப் பார்க்கிறீர்களே, அதுதான் என் குறை.

மாடு செத்தால் மாட்டின் விலை போகிறது. நாய் செத்தால் யாரும் நாயின் விலையை எண்ணி அழுவதில்லை. பணம் போவதெல்லாம் அது சாவதற்கு முன்னால்தான்: ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், குளுக்கோஸ், அறுவை சிகிச்சை. ஆனால் உங்கள் பாலிசிகள் பலவற்றில் வம்சச் சான்று, வாங்கின பில், சந்தை விலை என்றுதான் முதல் பக்கம் தொடங்குகிறது. பில் எங்கிருந்து வரும்? வெள்ளகோவில் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவரின் ஆட்டுப் பட்டியில் ஒரு கறுப்பு நாய் இருக்கிறது. தாய் எது, தகப்பன் எது என்று யாருக்கும் தெரியாது. பாலத்துக்கு அடியிலிருந்து தூக்கி வந்த குட்டி. இரவில் பட்டிப் படலை ஒட்டிப் படுத்து, கொறங்காட்டின் (மேய்ச்சல் நிலத்தின்) கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் ஏதாவது நகர்ந்தால் முதலில் எழுந்து நிற்பது அதுதான். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலை வட்டாரங்களில் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப் போட்டதும், விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டுக்கு வந்ததும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பட்டியில் உள்ள ஒவ்வொரு ஆட்டுக்கும் அரசு மானியத்தில் காப்பீடு போடலாம். ஆட்டைக் காக்கிற நாய்க்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. உங்கள் தனிப் பாலிசியில் சேர்க்கலாம் என்றால், அதன் மதிப்பு என்ன என்று கேட்பீர்கள். சந்தையில் அதற்கு விலையே கிடையாது.

அடுத்து, இங்கே நாய்களுக்கு உண்மையில் என்ன வருகிறது என்று பாருங்கள். கொங்கு நாட்டு வெயிலுக்கு உண்ணிக் காய்ச்சல்தான் முதல் எதிரி. நாய் இரண்டு நாளாகத் தட்டைத் தொடவில்லை என்று தூக்கி வருவார்கள். டாக்டர் மேலுதட்டைத் தூக்கிப் பார்ப்பார். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு வெளுத்துச் சுண்ணாம்பாக இருக்கும். சிலதுக்கு மூக்கில் ரத்தம் கசியும். காது மடலைத் திருப்பினால் உள்ளே உண்ணிகள் வரிசையாக ஒட்டியிருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தட்டணுக்கள் (பிளேட்லெட்) அதலபாதாளத்தில். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள் விடாமல் கொடுக்க வேண்டும். பத்தாம் நாள் நாய் எழுந்து ஓடும், வீட்டுக்காரர் மாத்திரையை நிறுத்திவிடுவார், அப்புறம் திரும்ப வரும். சுவர் இடுக்கில் முட்டையிட்ட உண்ணி ஒழியாத வரைக்கும் மறுபடி மறுபடி வரும். இவ்வளவு வைத்தியமும் பெரும்பாலும் நாயை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காமலே நடக்கிறது. ஆனால் பல பாலிசிகளில் வெளிநோயாளிச் செலவு அடிப்படைப் பாலிசியில் சேராது, தனியாகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் அதிகம் வருகிற நோய்க்குத்தான் கூடுதல் கட்டணமா?

பார்வோ (ரத்தக் கழிச்சல் வைரஸ் நோய்) வந்தால் தடுப்பூசி அட்டை எங்கே என்கிறீர்கள். அது நியாயம்தான். தடுப்பூசி போடாமல் விட்டவனுக்கு நீங்கள் ஏன் பணம் தர வேண்டும்? இடுப்பு மூட்டுக் கோளாறு (ஹிப் டிஸ்ப்ளேசியா) பரம்பரை நோய், கிடையாது என்கிறீர்கள். ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் லேப்ரடாருக்கும் பயப்பட வேண்டிய நோயே அதுதான். குறிப்பிட்ட வயதுக்கு மேல் புதிதாகச் சேர்க்க மாட்டோம் என்கிறீர்கள். ஏற்கனவே இருந்த நோய்க்குப் பெரும்பாலும் எப்போதுமே கிடையாது. மனிதர்களின் மருத்துவக் காப்பீட்டில் அப்படிப்பட்ட நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருஷம் காத்திருந்தால் போதும் என்று 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழ்கிற நாய்க்கு மட்டும் ஆயுசுக்கும் விலக்கு.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கெழுதும் தம்பி ஒருவனின் லேப்ரடாருக்குப் பின்னங்கால் ஜவ்வு அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து கிளைம் போட்டான். பழைய சீட்டுகளையெல்லாம் கேட்டார்கள், கொடுத்தான். பாலிசி எடுப்பதற்கு முந்தின தீபாவளிச் சமயத்தில் ஒரு டாக்டர், இடது பின்னங்காலை லேசாக நொண்டுகிறது என்று எழுதி மூன்று நாளைக்கு வலி மாத்திரை கொடுத்திருக்கிறார். அந்த ஒரு வரியைக் காட்டி, இது ஏற்கனவே இருந்த நோய் என்று நிராகரித்துவிட்டார்கள். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும். அவன் கொண்டுவந்த பாலிசியைப் படித்துப் பார்த்தேன். நிபந்தனைப்படி அவர்கள் செய்தது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த நிபந்தனையை விற்கும்போது யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொன்னது, செல்லக்குட்டிக்கு முழுப் பாதுகாப்பு என்பது மட்டும்தான்.

அதனால்தான் கேட்கிறவர்களிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பேச்சுக்கு வருஷம் 6,000 ரூபாய் பிரீமியம் என்று வைத்துக்கொள்வோம். அதே பணத்தை மாதம் 500 என்று அஞ்சலக ஆர்.டி.யில் போட்டால் ஐந்து வருஷத்தில் அசல் மட்டும் 30,000. நாய்க்கு ஒன்றும் வராவிட்டால் பணம் நம்முடையது. வந்தால், எந்த நோய், எந்த வயசு, எந்தச் சீட்டு என்று கேட்க யாருமில்லை. ஆர்.டி. தொடங்கின ஆறாம் மாதமே வண்டியில் அடிபட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உண்மைதான், அந்த இடத்தில் உங்கள் பாலிசி ஜெயிக்கும். ஆனால் எங்களுக்கு நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்து மயங்குகிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம். ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தன்று அரசு கால்நடை மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். பெட்டை நாய்க்குக் காலாகாலத்தில் கருத்தடை செய்துவிட்டால், வயதான பிறகு கர்ப்பப்பையில் சீழ் பிடித்து அவசர ஆபரேஷன் என்ற பேச்சே இல்லை. இந்த மூன்றையும் செய்கிறவனுக்கு உங்கள் பாலிசியின் தேவை பாதி குறைந்துவிடுகிறது.

நான் வேண்டும் என்று சொல்கிற ஆட்களும் உண்டு. சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் அடுக்குமாடியில் ராட்வைலர் மாதிரி பெரிய நாய் வளர்ப்பவர்கள் அவர்கள். அது நாயின் வைத்தியத்துக்காக இல்லை, நாய் அடுத்தவரைக் கடித்தால் வருகிற பொறுப்புக்காக. சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் 2024 மே மாதம் ஐந்து வயதுக் குழந்தையை ராட்வைலர்கள் கடித்ததை நாடே பார்த்தது. தன் விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறையை இன்சூரன்ஸ் ஏற்காது. கடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை ஏற்கலாம். மூன்றாம் நபர் பொறுப்பு என்ற அந்தப் பகுதிதான் உங்கள் பாலிசியிலேயே கட்டும் பணத்துக்குப் பெறுமானமுள்ளது என்பது என் எண்ணம். அதையோ விளம்பரத்தில் கடைசி வரியில் போடுகிறீர்கள். சில இனங்களுக்கு அதுவும் இல்லை என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்கிறேன்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. பிரிட்டனில் காப்பீடு பரவலாக இருக்கிறது, ஆனாலும் கால்நடை வைத்தியச் செலவு ஏறிக்கொண்டே போகிறது என்று அங்கே போட்டி ஆணையமே 2024இல் முறையான விசாரணை தொடங்கியது. பாலிசி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு பில் எழுதும் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டால், பாலிசி இல்லாத வெள்ளகோவில்காரர்தான் முதலில் அடிபடுவார்.

என்ன செய்தால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்றும் சொல்லிவிடுகிறேன். மனிதர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கு 2024 ஜனவரி முதல் சுருக்கத் தகவல் தாள் கொடுக்க வேண்டும், கேட்டால் உள்ளூர் மொழியில் கொடுக்க வேண்டும் என்று ஆணையம் சொல்லியிருக்கிறது. நாய்க்கும் அதே மாதிரி ஒரு தாள் தமிழில் கொடுங்கள். அதில் முதல் வரியிலேயே எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்று போடுங்கள். உண்ணிக் காய்ச்சலை அடிப்படைப் பாலிசியில் சேருங்கள், வேண்டுமானால் வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வையுங்கள். உண்ணி மருந்து தவறாமல் போட்ட ரசீதைக் காட்டுகிறவனுக்குப் பிரீமியத்தைக் குறையுங்கள். நாட்டு நாய்க்குச் சந்தை விலை கேட்காதீர்கள், வைத்தியச் செலவுக்கு ஒரு தொகையை அவரே தேர்ந்தெடுக்கட்டும். சிறு வயதில் சேர்ந்து வருஷம் தவறாமல் கட்டி வந்த நாயை வயதைக் காட்டிக் கழற்றிவிடாதீர்கள். அடையாளத்துக்குத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் போதும், மாட்டுக்கு வில்லை மாட்டத் தெரிந்தவர்களுக்கு இதுவும் கைவந்துவிடும். கிளைம் தகராறு என்றால் குறைதீர்ப்பாளரிடம் போ என்று சென்னை விலாசத்தைக் கொடுக்காமல், ஈரோட்டிலோ கோயமுத்தூரிலோ நேரில் பேச ஓர் ஆளை வையுங்கள்.

பட்டி நாய்களை ஆட்டுக் காப்பீட்டோடு சேர்ப்பது உங்கள் கையில் மட்டும் இல்லை, அரசு மனசு வைக்க வேண்டும். ஆனால் அந்தத் திட்டத்தில் பாலிசி எழுதுகிறவர்கள் காப்பீட்டுக் கம்பெனிகள்தான். நூறு ஆட்டுக்குப் பாலிசி எழுதும்போது, காவலுக்கு நல்ல நாய் இருக்கிறதா, அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டு, அந்த நாயையும் அதே தாளில் ஏற்றினால் உங்களுக்கும் நஷ்டம் குறையும் என்று எந்தக் கால்நடை டாக்டரும் சொல்வார். அரசிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், ஆடு வளர்க்கிறவர் பத்து முறை மனுக் கொடுப்பதைவிட எடுபடும்.

மாதிரிப் பாலிசி ஒன்றைத் தமிழில் அச்சடித்து எங்கள் வட்டாரத்துக் கால்நடை மருந்தகங்களுக்கு அனுப்புங்கள். வரி விடாமல் படித்துவிட்டு, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். அதுவரை கோயமுத்தூர் அடுக்குமாடிக்காரருக்கு மூன்றாம் நபர் பொறுப்பு உள்ள பாலிசி, மற்றவர்களுக்கு அஞ்சலக ஆர்.டி. என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
காங்கயம் வட்டம்