மாளா பஞ்சாயத்துக்கு ஒரு திறந்த மடல்: யூதர் கல்லறை நிலம் காலி இடம் இல்லைங்க

கேரளாவுல இருக்கிற மாளா கிராமப் பஞ்சாயத்து தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் கோயம்புத்தூர்க்காரன். உங்க ஊர்ல எனக்கு ஓட்டும் இல்ல, நிலமும் இல்ல. ஆனா இந்த விஷயத்துல தமிழ் பேசுறவனுக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. கி.பி. 1000 வாக்குல சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் உங்க பக்கத்து ஊர் கொடுங்கல்லூர்ல இருந்து யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம்ங்கிற வணிகக் குழு உரிமையும் 72 சலுகையும் குடுத்தார்ல, அந்தச் செப்பேடு வட்டெழுத்துங்கிற பழைய எழுத்துல இருக்கு. பகல்விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கிற துணி), குடை, தோரணம், அப்புறம் உல்கும் (சுங்க வரி) துலாக்கூலியும் (எடை போடுற கட்டணம்) தள்ளுபடின்னு அதுல வர்ற வார்த்தைய இப்பத்திய எழுத்துல குடுத்தா இன்னிக்கும் ஒரு தமிழன் எழுத்துக்கூட்டிப் படிச்சா பாதிக்கு மேல புரியும். அப்படி மரியாதை பண்ணி உக்கார வெச்ச ஜனங்களோட கல்லறையப் பத்திதான் எழுதுறேன்.

உங்க ஊர் யூதருங்கள யாரும் அடிச்சு விரட்டல. போர்ச்சுகீசியர்கிட்டயும் அப்பப்ப நடந்த தாக்குதல்லயும் பட்ட கஷ்டத்தத் தவிர, மலபார் யூதருங்க இங்க நல்லாத்தான் வாழ்ந்தாங்க, கொச்சி ராஜா அடைக்கலமும் குடுத்தார். இஸ்ரேல்னு ஒரு நாடு வந்ததும் குடும்பம் குடும்பமா கிளம்பினாங்க, வீடு கடையெல்லாம் வித்துடலாம், செத்துப்போன தாத்தா பாட்டிய என்ன பண்றது? அதனாலதான் 1955ல அவங்க கும்புடுற ஜெபாலயத்தையும் நாலு ஏக்கருக்கு மேல இருந்த கல்லறை நிலத்தையும் பாதுகாக்கணும்னு சொல்லி பஞ்சாயத்து கையில ஒப்படைச்சுட்டுப் போனாங்க. அக்கம்பக்கத்துக்காரங்க மேல அவ்ளோ நம்பிக்கை!

அந்த நிலத்துல இப்ப ஸ்டேடியம் நிக்குது. கல்லறைன்னு கண்ணுக்குத் தெரியுறது மூணே மூணு, சுத்தியும் புல்லும் பொதரும். மீதி எங்கன்னு கேட்டா காலடியில கையக் காட்ட வேண்டியதுதான். பசங்களுக்கு கிரவுண்ட் வேணும், நியாயம்தான், நான் அதுக்கு எதிரி இல்ல. ஆனா யூதர் வழக்கப்படி ஒருத்தரைப் புதைச்சா அந்த எடம் அவருக்கே சொந்தம், திரும்பத் தோண்ட மாட்டாங்க, வருஷம் ஆச்சுன்னு அடுத்தவருக்கு அதே குழியைக் குடுக்கவும் மாட்டாங்க. பாக்க வர்றவங்க பூவுக்குப் பதிலா ஒரு சின்னக் கல்லை எடுத்து கல்லறை மேல வெப்பாங்க. கேரளா யூதருங்க குடியேறின இஸ்ரேல் கிராமங்களான நெவாத்திம்ல இருந்தோ தாஓஸ்ல இருந்தோ ஒரு பேத்தி வந்தா அந்தக் கல்லை எங்க வெப்பா சொல்லுங்க?

உங்க கேரளாவுலயே இருக்கிற சேந்தமங்கலத்தப் பாருங்க, ரொம்ப தூரமில்ல. அங்க ஜெபாலயத்து முன்னாடி சாரா, இஸ்ரேலோட மகள்னு எபிரேயத்துல எழுதின ஒரு கல் நிக்குது, வருஷம் 1269. யாரு அந்த சாரா, என்ன வயசு, எதுல செத்தா, ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு பொண்ணு பேரு 750 வருஷம் தாண்டி நிக்குது, கல்லைப் பிடுங்காம விட்டதனால. அந்த ஜெபாலயமும் பரவூர் ஜெபாலயமும் பழைய சின்னங்களப் பாதுகாக்குற கேரள அரசோட முசிறிஸ் திட்டத்துல சரி பண்ணி மியூசியம் ஆயிடுச்சு. அதே சமயம் மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெபாலயம் கவனிப்பு இல்லாம 2019 மழையில இடிஞ்சு விழுந்துச்சு. கட்டிடம் விழுந்தாலாச்சும் திரும்பக் கட்டலாம், கல்லறை போனா போனதுதான்.

நான் கேக்குறது இதான். முதல்ல அந்த நிலத்துல இனிமே ஜேசிபி இறங்கக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் போடுங்க. பழைய ரெவின்யூ ரெக்கார்டை எடுத்து 1955ல கைமாறின எல்லைய சர்வேயரை வெச்சு அளந்து காம்பவுண்ட் கட்டுங்க. தோண்டாமலே மண்ணுக்கு அடியில பாக்குற ரேடார் கருவி இருக்கு, யுனிவர்சிட்டி ஆளுங்களக் கூப்பிட்டா வந்து பாத்து எங்கெங்க கல்லறை இருக்குன்னு குறிச்சுக் குடுப்பாங்க. இஸ்ரேல்ல இருக்கிற மாளா குடும்பங்களுக்கு ஒரு லெட்டர் போட்டு, இங்க யார் யாரைப் புதைச்சீங்கன்னு பேரு கேளுங்க, அங்க பெரியவங்க இருக்கும்போதே கேளுங்க, இது தள்ளிப்போடுற வேலை இல்ல. வர்ற பேரையெல்லாம் மலையாளத்துலயும் எபிரேயத்துலயும் வாசல்ல ஒரு போர்டுல எழுதி வைங்க.

அடுத்த பஞ்சாயத்து கூட்டத்துலயே இத எடுத்துப் பேசணும்னு கேட்டுக்கறேன்.