காசநோய் வந்த வீட்டுக்கு ஆறு மாத மளிகை: சபைகள் சேர்ந்து விடுக்கும் நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கத்திலிருந்து பிழைப்புக்காகச் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போயிருக்கிற நம் பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். நம் வட்டாரத்தில் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிற 40 குடும்பங்களுக்கு, சிகிச்சை நடக்கிற ஆறு மாதமும் சத்தான மளிகைப் பொருள் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று வேறு வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,000 ரூபாய், ஆறு மாதத்துக்கு 12,000, ஆக மொத்தம் 4,80,000 ரூபாய் வேண்டும். அதைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

மாத்திரையை அரசாங்கம் இலவசமாகத் தருகிறதே, மாதா மாதம் பணமும் போடுகிறார்களே, அப்புறம் நாம் எதற்கு என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மாத்திரை, சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்ததை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக உயர்த்தியும் இருக்கிறார்கள். ஆனால் பீடி சுற்றுகிற அம்மாவோ, தோல் தொழிற்சாலைக்குத் தினக்கூலியாகப் போகிற அண்ணனோ காய்ச்சலும் இருமலுமாகப் படுத்துவிட்டால் அந்த வீட்டுக்கு வருகிற கூலி அன்றைக்கே நின்றுவிடுகிறது, வீட்டில் நாலு வயிறு இருக்கிறது, அந்த ஆயிரம் ரூபாய் வந்து சேரும்போது கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அதைவிட அதிகமாக இருக்கிறது. நோயாளிக்கென்று வாங்கிய முட்டையைத் தான் சாப்பிடாமல் பிள்ளைக்குக் கொடுக்காத தாய் யார்?

இன்னொன்றும் இருக்கிறது. காசநோய் பசியைக் கொன்று ஆளை உருக்கிவிடும். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் பசி திரும்பும், நன்றாகவே திரும்பும். அந்த நேரத்தில் வீட்டில் சாப்பிட ஒன்றும் இல்லையென்றால், வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டுகிறது, தலை சுற்றுகிறது, ‘இந்த மாத்திரைதான் என்னைப் படுத்துகிறது’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பாதியில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறுகிற ஆபத்து உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

சாப்பாட்டினால் உண்மையில் என்ன ஆகும் என்று ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடத்தி, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். நோயாளிகள் எல்லாருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். அதோடு ஒரு பகுதிக் குடும்பங்களில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில், மற்றவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடம் இறப்பும் வெகுவாகக் குறைந்தது. அரிசியும் பருப்பும்தான், விலை உயர்ந்த டானிக் எதுவும் இல்லை. இதைப் படித்த பிறகுதான் நோயாளிக்கு மட்டும் ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக் கொடுப்பது என்ற பழைய யோசனையை விட்டுவிட்டு, வீட்டுக்கே மளிகை என்று மாற்றினோம்.

சபைகளுக்கு இது புதுக் காரியம் இல்லை. வேலூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் சின்னதாகத் தொடங்கிய மருத்துவமனை இன்று என்னவாக நிற்கிறது என்று எல்லாரும் பார்க்கிறோம். நாங்கள் சொல்ல நினைப்பது ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்து ஆரோக்கியவரம். பல மிஷன்கள் ஒன்றாகப் பணம் போட்டு 1915-இல் அங்கே காசநோய்க்கென்று ஒரு சானடோரியம், அதாவது நோயாளிகள் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறுகிற ஆஸ்பத்திரி, திறந்தார்கள், டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் ஃப்ரிமோட்-மோல்லர் அதை நடத்தினார். அப்போது இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. காசநோய்க்கு வேலை செய்த முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்தில்லாத அந்தக் காலத்தில் அவர்களால் கொடுக்க முடிந்தது நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, பக்கத்தில் ஆள்.

பிறகு மருந்து வந்தது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும், நெரிசலான வீட்டில் சுமாரான சாப்பாட்டோடு இருந்தும், ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். உலகமே அதற்குப் பிறகு வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது. அது மிகப் பெரிய நன்மை, ஏழை ஒருவர் ஒரு வருஷம் வீட்டைப் பிரிந்து கிடக்க வேண்டிய அவசியம் போனது. ஆனால் சானடோரியத்தோடு பாலும் முட்டையும் விசாரிக்கிற ஆளும் சேர்ந்தே போய்விட்டது, அந்த இடம் இன்னமும் நிரப்பப்படவில்லை என்பது எங்கள் எண்ணம். மருந்து இருந்தும், எலும்பும் தோலுமாக வருகிறவர்கள் முதல் சில வாரங்களிலேயே இறந்துபோகிறார்கள். அதனால்தான் தமிழ்நாடு அரசு 2022-இல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கி, நோய் கண்டுபிடித்த உடனே எடை, மூச்சு, கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்றெல்லாம் பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வந்த பிறகு அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியது அக்கம்பக்கத்தில் இருக்கிற நாம்தான்.

சபைச் சரித்திரத்தில் இதற்கும் முந்தைய ஆட்கள் இருக்கிறார்கள். கி.பி. 252 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் பட்டணத்தில் கொள்ளைநோய் வந்தபோது, ஜனங்கள் தங்கள் வீட்டு நோயாளிகளையே தெருவில் விட்டு ஓட, பேராயர் சிப்ரியான் சபையைக் கூட்டி, நம்மவர் வேற்றவர் என்று பார்க்காமல் எல்லாரையும் கவனிக்கச் சொன்னார். நம்மைத் துன்புறுத்தினவர்களும் அதில் அடக்கம். 1527-இல் விட்டன்பர்க்கில் பிளேக் வந்தபோது மார்ட்டின் லூதர் ஊரை விட்டுப் போகாமல் தன் வீட்டிலேயே நோயாளிகளை வைத்துப் பார்த்தார். அந்தச் சமயத்தில் அவர் எழுதிய கடிதத்தில், மருந்து சாப்பிடு, வீட்டுக்குப் புகை போடு, உன்னால் பிறருக்குத் தொற்றாதபடி தேவையில்லாத இடத்துக்குப் போகாதே, ஆனால் உன் அயலானுக்கு நீ தேவைப்பட்டால் பயப்படாமல் போ என்ற கருத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், ‘விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு’ என்று நோயாளியிடம் சொல்கிறவர்கள் நம் நடுவிலும் இருக்கிறார்கள். தயவு செய்து அப்படிச் சொல்லாதீர்கள். எண்ணெய் பூசி ஜெபியுங்கள், உபவாசம் இருங்கள், ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவரை உபவாசம் இருக்கச் சொல்லாதீர்கள். இந்தக் குழுவில் இருக்கிற ஆயர், பங்குத்தந்தை, பாஸ்டர் அனைவரும் இதை அவரவர் பிரசங்கத்திலேயே சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பயமும் நமக்குள் இருக்கிறது. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்துபோன ஒரு மருத்துவரை அடக்கம் பண்ணக் கொண்டுபோன வண்டியின் மேல் கல் எறிந்தார்கள், ராத்திரியோடு ராத்திரியாக வேறு மயானத்தில் புதைக்க வேண்டி வந்தது. அவர் கிறிஸ்தவர், எறிந்தவர்கள் யாரோ என்று சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது, ஏனென்றால் தனக்குக் காசநோய் என்று தெரிந்ததும் திருவிருந்துக்கு வராமல் பின் பெஞ்சிலிருந்தே எழுந்து போய்விடுகிறவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிற பார்வை அப்படி இருக்கிறது. காசநோய் காற்றில் பரவுகிறது. தட்டு, டம்ளர், துணி, கை கொடுப்பது இவற்றால் பரவாது. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் பிறருக்குத் தொற்றுகிற தன்மையும் வெகுவாகக் குறைந்துவிடும். கோயில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், காற்றோட்டம் உதவும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது என்று யாருக்கு இருந்தாலும் அரசு சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள், கூடப் போனால் இன்னும் நல்லது.

சரி, பணம் எப்படிச் செலவாகும் என்று சொல்கிறோம். ரேஷன் அரிசி பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது, அதனால் அரிசி வாங்கப் போவதில்லை. துவரம்பருப்பு, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கடலை எண்ணெய், பால் பவுடர், மாதம் 60 முட்டை. முட்டையை மட்டும் வாரா வாரம் கொடுப்போம், மொத்தமாகக் கொடுத்தால் வெயிலில் கெட்டுப்போகும். நாமே கொண்டுபோய்க் கொடுப்போம், போகிறவர் எடையையும் எழுதிக்கொண்டு வருவார், எடை ஏறவில்லையென்றால் காசநோய்ப் பிரிவு ஊழியருக்குத் தகவல் போகும். அரசின் நிக்‌ஷய் மித்ரா ஏற்பாட்டில் (காசநோயாளிகளுக்கு உதவ முன்வருகிறவர்களுக்கான திட்டம்) பதிவு செய்துகொண்டு, சம்மதம் தந்த நோயாளிகளை மட்டுமே எடுக்கிறோம். எந்த மதம், எந்தத் தெரு என்று பார்க்க மாட்டோம். பையில் கைப்பிரதி வைக்க மாட்டோம். யாருடைய படமும் வாட்ஸ்அப்பில் வராது, கொடுத்தவர்கள் கேட்டாலும் வராது. போகிறவர்களுக்கான பெட்ரோல் செலவைக் குழு உறுப்பினர்களே ஏற்கிறார்கள், உங்கள் காணிக்கையிலிருந்து ஒரு ரூபாய் கூட அதற்குப் போகாது.

ஒரு குடும்பத்தை முழுதாக ஏற்க முடிந்தவர்கள் 12,000 கொடுங்கள். முடியாதவர்கள் ஒரு மாதம் ஏற்கலாம், அல்லது வாரத்துக்கு 100 ரூபாய் முட்டைக்கென்று கொடுக்கலாம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வரும் தொகையில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க இரண்டு சபைகள் இசைந்திருக்கின்றன, மற்ற சபைகளும் யோசிக்க வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிற பழக்கம் நம் பாட்டிமார் நடத்தியது, அதே போல ஒரு பிடி பருப்பு தினமும் எடுத்து வைத்து மாதக் கடைசியில் கொண்டுவந்தால் அது நேராகப் பைகளுக்குப் போய்விடும். ஜவுளிக் கடை, மளிகைக் கடை வைத்திருக்கிற சகோதரர்கள் பொருளாகவும் தரலாம்.

காணிக்கைக் கவரில் ‘காசநோய் உதவி’ என்று எழுதி ஞாயிறு காணிக்கைப் பையில் போடலாம், அல்லது உங்கள் சபைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். வங்கி வழியாக அனுப்புகிறவர்கள் கணக்கு விவரத்தைப் பொருளாளரிடமே கேளுங்கள், வேறு யாராவது நம்பர் அனுப்பினால் நம்ப வேண்டாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களிடமிருந்து வாங்க நமக்குச் சட்டப்படி அனுமதி இல்லை, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அனுப்பலாம். வரிச் சலுகை ரசீது தர இயலாது. வரவு செலவு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு எல்லாக் கோயில்களின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும்.

முதல் மாதப் பைகளுக்கு 80,000 ரூபாய் கையில் இருந்தால்தான் கடையில் மொத்தமாக ஆர்டர் கொடுக்க முடியும். அந்தத் தொகை சேர்ந்த வாரமே விநியோகம் தொடங்கும், ஆகவே கொடுக்க நினைப்பவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமையே கொடுத்துவிடுங்கள். முட்டை கொண்டுபோக டூ வீலர் வைத்திருக்கிற வாலிபர்கள் ஆறு பேர் இன்னும் தேவை, ஆராதனை முடிந்ததும் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள்.