வரலாற்று வட்டத்தின் ஆண்டறிக்கை: ஆயரை நியமித்தது யார்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, வட்டத்தின் உறுப்பினர்களே,

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவின்படி, இவ்வாண்டுக் கூட்டங்கள் அனைத்தும் ஒரே பொருளைப் பற்றியே நடைபெற்றன. ஒரே விசுவாசத்தைக் கொண்ட கத்தோலிக்கர்கள், தமிழகத்தின் ஊர்கள் சிலவற்றில் இரண்டு கோயில்களாகவும் இரண்டு ஆயர்களின் ஆட்சிக்கு உட்பட்டவர்களாகவும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் பிரிந்து கிடந்தது ஏன் என்பதே அப்பொருள். ஐப்பசி மழையால் ஒரு கூட்டம் தள்ளிப்போனதைத் தவிர, மற்றவை உரிய நாளில் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். நான் ஆய்வுப் பணியை மட்டும் எடுத்துரைக்கிறேன்.

பதுரவாதோ எனப்பட்ட போர்த்துகல் அரசரின் உரிமையிலிருந்து தொடங்கினோம். கடல்கடந்த நாடுகளில் கோயில் கட்டவும், குருக்களை அனுப்பவும், அவர்களுக்கு மானியம் வழங்கவும் அரசர் பொறுப்பேற்றார். அதற்கு ஈடாக, அங்குள்ள ஆயர் பதவிகளுக்குரியவர்களை முன்மொழியும் உரிமையைத் திருத்தந்தையர் அவருக்கு அளித்தனர். 16ஆம் நூற்றாண்டில் கோவாவும் கொச்சியும், 1606இல் மயிலாப்பூரும் இந்த ஏற்பாட்டின்படியே மறைமாவட்டங்களாயின. மயிலாப்பூர் நிறுவப்பட்டபோது போர்த்துகலின் முடி ஸ்பெயின் அரசரின் தலையில் இருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1658இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும், 1663இல் கொச்சியும் டச்சுக்காரர் கைக்குச் சென்றன. கோட்டைகள் போன பின்பும் உரிமை மட்டும் லிஸ்பனிலேயே தங்கிவிட்டது. ஆயர் பதவிகள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தபோதும் அதை விட்டுக்கொடுக்க அரசவை இசையவில்லை. மறைப்பணியைக் கவனிக்க 1622இல் உரோமையில் நிறுவப்பட்ட புரொப்பகாந்தா பேராயமோ, திருத்தந்தையின் பெயரால் ஆட்சி செய்யும், அரசரைச் சாராத அப்போஸ்தலிக்க விகார்களைத் தானே அனுப்பத் தொடங்கியது. பிற்காலப் பூசலின் வித்து இதுதான்.

போர்த்துகீசிய இயேசு சபைக் குருவான புனித அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) பற்றிய கூட்டத்திற்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தனர். இளமையில் லிஸ்பன் அரண்மனையில் இளவரசர் பேதுருவுடன் வளர்ந்தவர் அவர். அவ்விளவரசர் அரசரான பிறகு, தாய்நாட்டிலேயே தங்கிவிடுமாறு வற்புறுத்தியும் கேளாமல் மறவ நாட்டுக்குத் திரும்பினார். 1693இல் கிழவன் சேதுபதியின் ஆட்சியில் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். லிஸ்பன் அரசரின் நட்போ உரிமையோ இராமநாதபுரத்தில் செல்லுபடியாகவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். இங்கே மறைப்பணி நடந்ததும் நின்றதும் உள்நாட்டு மன்னர்களின் இசைவைப் பொறுத்தே அமைந்தது.

ஆண்டின் பெரும்பகுதி 1834க்குப் பிந்தைய நிகழ்ச்சிகளுக்கே சென்றது. அவ்வாண்டு போர்த்துகலின் புதிய அரசு துறவற சபைகளை ஒழித்தது. உரோமையுடனான உறவும் முறிந்தது. 1838இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி, கொச்சி, கொடுங்கல்லூர், மயிலாப்பூர் ஆகியவற்றின் ஆட்சி அதிகாரத்தை நீக்கி, அப்பகுதிகளை விகார்களிடம் ஒப்படைத்தார். போர்த்துகல் அரசரின் உரிமையின் கீழ் பணியாற்றிய கோவா குருக்கள் அந்த ஆணையை ஏற்க மறுத்தனர். அரசரின் இசைவின்றி வந்த ஆணை தங்களைக் கட்டுப்படுத்தாது என்பது அவர்கள் வாதம். கோயில் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி கிறிஸ்தவரல்லாத நீதிபதிகள் முன்பும் ஆங்கிலேய நீதிபதிகள் முன்பும் வழக்காகச் சென்றது. விகார்களின் தரப்பு நூல்கள் குருக்களின் இந்த மறுப்பைக் ‘கோவா பிளவு’ என்று எழுதின. நம் உறுப்பினர்கள் சிலரும் அதே தொனியில் பேசினர். ஆனால் இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டு, அச்சபையினர் 1838இல் மதுரை மறைப்பணிக்குத் திரும்பி வரும்வரை, ஆதரவற்றுக் கிடந்த பல கிறிஸ்தவ ஊர்களுக்குத் திருமுழுக்கும் திருமணமும் அடக்கச் சடங்கும் செய்துவைத்தவர்களுள் கோவா குருக்களும் இருந்தனர். அவர்களை வெறும் கலகக்காரர்களாகக் காட்டுவது நியாயமன்று என்பது செயலாளர் என்ற முறையில் என் கருத்து; கூட்டத்தில் இதற்கு மறுப்பும் எழுந்தது, அதுவும் பதிவாகியுள்ளது.

உரோமைக்கும் போர்த்துகலுக்கும் இடையிலான 1886 உடன்படிக்கை பூசலைத் தணித்ததே ஒழியத் தீர்க்கவில்லை. மயிலாப்பூர் மறைமாவட்டம் போர்த்துகல் அரசரின் உரிமைக்கு உட்பட்டதாக மீண்டது. சென்னைக்கு அருகிலுள்ள பகுதியோடு தஞ்சை வட்டாரமும் அதில் சேர்ந்தது. இன்றைய சாந்தோம் பேராலயம் எழுந்ததும் அக்காலத்தில்தான். இயேசு சபையினரின் திருச்சிராப்பள்ளியிலும்கூட, ஆயர் பதவி காலியானால் மூவர் பெயரை அரசருக்கு அனுப்பி, அவர் தேர்ந்தவரையே திருத்தந்தைக்கு முன்மொழிய வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. இதனினும் வியப்பு ஒன்று உண்டு. 1910இல் போர்த்துகலில் முடியாட்சி ஒழிந்து, மறு ஆண்டே திருச்சபையையும் அரசையும் பிரிக்கும் சட்டமும் வந்தது. ஆனால் சமயம் வேண்டாமென்ற அந்தக் குடியரசு, இந்தியாவில் ஆயர்களை முன்மொழியும் உரிமையை மட்டும் கைவிடவில்லை. இரட்டை ஆட்சிக்கு 1928 உடன்படிக்கை முடிவுகட்டியது. இந்தியா விடுதலை பெற்ற பின், 1950இல் மயிலாப்பூர், திருச்சி உள்ளிட்ட மறைமாவட்டங்களின் மீதான உரிமையைப் போர்த்துகல் துறந்தது. 1952இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டமும், தஞ்சாவூர் மறைமாவட்டமும் உருவாயின. வேளாங்கண்ணி தஞ்சையோடு சேர்ந்திருப்பதற்கான காரணம் இந்த வரலாற்றிலேயே உள்ளது.

இதற்கிடையே 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் தோன்றி, கடற்கரைப் பரதவர் குலத்தில் பிறந்த திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். இதற்குத் தனிக்கூட்டம் வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை வரும் ஆண்டுத் திட்டத்தில் சேர்த்துள்ளோம்.

பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் படியெடுக்கும் பணி தொடர்கிறது. ஒரு பதிவு எந்த ஆயரின் ஆட்சிக்கு உட்பட்ட கோயிலில் எழுதப்பட்டது என்பதை ஒவ்வொரு படியிலும் தவறாமல் குறிக்குமாறு படியெடுப்போரை வேண்டுகிறேன். ஒரே குடும்பத்தார் இரண்டு கோயில் ஏடுகளிலும் சிதறிக் காணப்படுவதால், அக்குறிப்பின்றி வம்சாவளி தேடுவோர் திகைப்பர். ஏடுகளைப் பார்வையிட இசைந்த பங்குத்தந்தையர்க்கு நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையை வேண்டுகிறேன்.

செயலாளர்