குழந்தைக்கு சேஃப்னு சொன்னது சுவருக்கு மட்டும்தானா?

வணக்கம் சார்,

புக்கிங் நம்பர் மெயில் சப்ஜெக்ட்ல இருக்கு. ஸ்ரீரங்கத்துல 1988ல எங்க தாத்தா கட்டின வீடு, போன வாரம் உங்க ஆளுங்க வந்து பெயிண்ட் அடிச்சுட்டு போனாங்க. வேலை முடிஞ்சுதுன்னு உங்க ஆப்ல பச்சை டிக் விழுந்துடுச்சு, ஆனா எங்க வீட்டுல இன்னும் யாரும் குடி வரல.

புக் பண்ணும்போதே சொன்னேன், பிரசவத்துக்கு புதுக்கோட்டைக்கு போன வொய்ஃப் மூணாம் மாசம் குழந்தையோட வர்றாங்க, அதுக்குத்தான் அடிக்கிறோம்னு. உங்க சூப்பர்வைசர் உடனே "குழந்தை பேக்கேஜ்" ஒன்னு இருக்கு சார், வாசனையே வராது, அடிச்சு மூணு மணி நேரத்துல தொட்டில் கட்டலாம்னார். சாதா ரேட்டை விட 6,500 ரூபா ஜாஸ்தி, குழந்தைக்குன்னு சொன்னா யார் பேரம் பேசுவா, கட்டிட்டேன்.

சுவருக்கு அடிச்ச எமல்ஷன்ல குறை சொல்ல மாட்டேன், நல்லாத்தான் இருக்கு, வாசனையும் ரெண்டு நாள்ல போயிடுச்சு. பிரச்சனை கதவும் ஜன்னலும். மூணாம் நாள் ஆபீஸ்லேர்ந்து வந்து கேட்டைத் திறக்கும்போதே கண்ணு எரியுது. உள்ள போய் பாத்தா சாதா எனாமல் டின், பக்கத்துல அதுல கலக்கற டர்பன்டைன் கேன். இது என்ன தம்பின்னு கேட்டா, "பேக்கேஜ் சுவருக்கு மட்டும்தான் சார், மரத்துக்கு எப்பவும் இதுதான்"ங்கறார். தண்ணியில கலக்கற எனாமல் கடையிலயே கிடைக்குது, அதை அடிச்சிருக்கலாமே. கதவுக்கு என்ன பெயிண்ட்னு முன்னாடியே கேக்காதது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா குழந்தை என்ன சுவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுட்டு கதவுகிட்ட நிறுத்திக்குமா? பொறந்த குழந்தை நிமிஷத்துக்கு 40லேர்ந்து 60 தடவை மூச்சு விடுது, நாம 12லேர்ந்து 20தான்.

கார்த்திகை மழை வேற, ஜன்னலைத் திறந்தா சாரல், மூடினா வாடை, ஈரக் காத்துல எனாமல் காயவும் மாட்டேங்குது. சூப்பர்வைசருக்கு போன் போட்டா வெங்காயத்தை நறுக்கி வாளித் தண்ணியில போட்டு ரூமுக்கு ஒன்னு வைங்க, ஊதுவத்தி ஏத்துங்கன்னார். வெங்காயமும் வச்சு பாத்தேன் சார், இப்போ ரெண்டு வாடை.

இதைக்கூட விட்டுடுவேன், காத்தாட விட்டா போயிடும். நான் முக்கியமா எழுத வந்தது தூசியைப் பத்தி. ஜன்னல் சட்டத்துல இருந்த பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டு காய்ஞ்ச மரத்துலயே தேய்ச்சிருக்காங்க, கீழ ஒரு பிளாஸ்டிக் ஷீட் கூட விரிக்கல. பெட்ரூம் ஜன்னல் திண்டை ஈரத்துணியால தொடச்சேன், துணி முதல்ல சாம்பலா வந்துச்சு, அப்புறம் பச்சையா வந்துச்சு. அந்த பச்சை நான் சின்ன பையனா இருந்தப்போ அடிச்ச பெயிண்ட். அந்த ஜன்னலுக்கு நேர் மேலதான் தூளி கட்டற கொக்கி, அதுமேலயும் அதே பவுடர்.

2017 நவம்பர்லேர்ந்து நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்ல 90 பிபிஎம்முக்கு மேல, அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்குக்கு மேல, காரீயம், அதான் லெட், இருக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு. அது புது டின்னுக்கு. எங்க ஜன்னல்ல இருந்தது அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி அடுக்கடுக்கா அடிச்சது. அதுல லெட் இருக்கா இல்லையான்னு நீங்களும் டெஸ்ட் பண்ணல நானும் பண்ணல, அப்போ இருக்குன்னு வச்சுகிட்டுதானே தேய்க்கணும்? தண்ணி தெளிச்சு தேய்ச்சா பாதி தூசி பறக்காது, இது உங்க பெயிண்டருக்கு தெரியாதா, நேரம் ஆகும்னு பண்ணல, அவ்வளவுதான். லெட் ரத்தத்துல இவ்வளவு வரை இருந்தா குழந்தைக்கு பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. இன்னும் மூணு மாசத்துல இவன் கையில கிடைச்சதையெல்லாம் வாயில வைப்பான்.

மார்கழி பொறந்துட்டா எங்க வீட்டுல குழந்தையை அழைச்சிட்டு வர மாட்டாங்க. பாத்து வச்ச நாள் போயிடுச்சு, இனி தை பொறக்கணும். மாமியார் ஒன்னும் சொல்லல, அதுதான் பயமா இருக்கு.

அதனால 6,500ஐ திருப்பிக் கொடுங்க. உங்க செலவுல தூசி உறிஞ்ச நல்ல ஃபில்டர் வச்ச வேக்யூம் கொண்டு வந்து எல்லா ரூமையும் எடுத்து, அப்புறம் ஈரத்துணியால ரெண்டு தடவை தொடச்சு கொடுங்க, துடைப்பம் போட்டு கூட்டறேன்னு மட்டும் யாரும் வராதீங்க, அது தூசியை மறுபடி கிளப்பித்தான் விடும். அடிச்ச எனாமல்ல என்னென்ன இருக்குன்னு கம்பெனி கொடுக்கற டேட்டா ஷீட்டும் வேணும். விளம்பரத்துல "குழந்தைக்கு பாதுகாப்பானது"ங்கற வரியை எடுங்க, இல்ல கதவு ஜன்னலுக்கும் சேத்து நிஜமாக்குங்க. பத்து நாள்ல பதில் வரலைன்னா 1915க்கு போன் போட்டு நுகர்வோர் புகார் பதிவு பண்ணுவேன், டின் போட்டோ, ஜன்னல் போட்டோ, துணி போட்டோ எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்.

வர்றவங்க துணியும் வாளியும் கையோட கொண்டு வரட்டும். எங்க வீட்டு துணி தீந்துபோச்சு, மிச்சம் இருக்கறது குழந்தைக்குன்னு கிழிச்சு வச்ச பழைய வேட்டிதான், அதை தர மாட்டேன்.